பழைய கேமரா விற்றவர்

அப்பா யாரையாவது நம்பி நான் பார்த்ததில்லை. நூல் வந்து இறங்கினால் கோன்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பார், பிறகு தராசில் வைப்பார், அதன்பிறகு தராசையே சந்தேகப்படுவார். தறிக்கு எண்ணெய் வாங்கினால் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் கடையை விட்டு இறங்கமாட்டார். தீபாவளிக்கு எனக்குக் கவுன் எடுக்கப் போனால் துணியை வெயிலில் பிடித்து, ஓர் இழையை உருவி, கடைக்காரரே அறியாத அதன் குற்றங்களை எல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு வாங்காமல் திரும்பிவிடுவார். எடப்பாடியில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் அப்பாவைத் தூரத்தில் பார்த்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்று அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டே, "வீடியோ கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன்" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செல்போன்களில் பொத்தானை அமுக்கிப் பேசிய காலம் அது. அப்பாவின் போனில் டார்ச் லைட் எரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் சாதாரணப் போட்டோ கேமராகூட இருந்ததில்லை. வீடியோ என்பது கல்யாண மண்டபத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கோடு வருகிற ஒன்று. நாங்கள் எதற்கு அதை வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா கேட்பாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதத்தில் புரியாத விஷயங்கள் வீட்டில் நிறைய இருந்தன. அம்மா சோறு தின்பதில்லை. கேட்டால் விரதம் என்பாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு சாமியைச் சொல்வாள். அப்பாவும் அவளும் இரண்டு தடவை கல்யாணத்துக்கு என்று கோயமுத்தூர் போய்வந்தார்கள். ஆனால் கையில் தாம்பூலப் பை இல்லை. தேங்காய் கொடுக்காத கல்யாணம் எங்கேயாவது உண்டா? எனக்கு அதில் பெரிய வருத்தம்.

அம்மாவின் குரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கொட்டகை. ஆறு பவர்லூம். விடிந்ததும் தொடங்கினால் நாள் முழுவதும் 'டடக் டடக்' என்று வீடே அதிரும். அந்தச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி அம்மாவின் தொண்டை ஏழாவது தறிபோல ஆகியிருந்தது. சாயங்காலம் வாசலில் நின்று, "ஏ சாமீ... ஊட்டுக்கு வாடீ..." என்று ஒரு குரல் கொடுத்தாள் என்றால், நான் மட்டுமல்ல, தெருவில் விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்ற அம்மாக்களுக்கு அந்த ஒரு வேலை மிச்சம்.

கேமரா வாங்கச் சேலம் போகும்போது நானும் வருவேன் என்று அழுதேன். "கூட்டிக்கிட்டுப் போங்க, ஊட்டுல இருந்தா என் உசிரை எடுப்பா" என்றாள் அம்மா.

முதலில் போன கடை கண்ணாடி வைத்த கடை. உள்ளே போனதும் குளிர்ந்தது. அங்கே டை கட்டியிருந்த ஒருவர் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்து, வெள்ளி நிறத்தில் ஒரு கேமராவை எடுத்துவந்தார். அதை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார். ஏற்காடு மலை சின்னத் திரைக்குள் கிட்டே கிட்டே வந்தது. மலைப்பாதையில் ஒரு பஸ் ஏறுவதுகூடத் தெரிந்தது. நான் அந்த நிமிடமே அந்தக் கேமராவுக்கு மனத்துக்குள் ஒரு பெயரும் வைத்துவிட்டேன்.

அப்பா மலையைப் பார்க்கவே இல்லை. "சத்தம் எப்பிடி வருமுங்க?" என்றார்.

"சூப்பரா வரும் சார். ஜூம் பாருங்க, இந்த விலையில இந்த ஜூம் எங்கயும் கிடைக்காது."

"பேசுனா, பேசுனது அப்பிடியே கேக்குமுங்களா?"

"எல்லாம் கேக்கும் சார். கலர் பாருங்க."

அப்பா எழுந்துவிட்டார். நான் பின்னால் இழுபட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவு மூடும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சந்துக்குள், மாடியில். எங்கள் ஊரில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர் அந்தக் கடையைச் சொல்லியிருந்தார். "அவரு ஒரு மாதிரி மனுசனுங்க. ஆனா அவரு கொடுத்த சாமான் மேல இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க" என்றாராம். படி குறுகல். மேலே ஒரே அறை. சுவரெல்லாம் கேபிள்கள் தொங்கின. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு கேமராவை அக்குவேறாகப் பிரித்து, அதன் திருகாணிகளை டிபன்பாக்ஸ் மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழவில்லை. சாக்லேட்டும் தரவில்லை.

"என்ன எடுக்கறதுக்குங்க?" என்றார்.

"ஊட்டு விசேஷத்துக்குங்க" என்றார் அப்பா.

"என்ன விசேஷம்?"

"பொதுவா... எல்லாத்துக்குந்தான்."

"எதை எடுக்கப் போறீங்கன்னு தெரியாம நான் எதைங்க குடுக்கறது?"

வாங்க வந்தவரைக் கேள்வி கேட்கும் கடைக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பாவிடம் கேள்வி கேட்டவர் யாரும் ஜெயித்ததில்லை. என்ன ஆகப்போகிறது என்று ஆவலாக இருந்தது. ஆனால் அப்பா என் கையில் சில்லறையைத் திணித்து, "கீழ கரும்புச்சாறு விக்குது பாரு, போய்க் குடிச்சுட்டு வா சாமி" என்றார். நான் கேட்காமலே அப்பா எனக்குத் தின்னவோ குடிக்கவோ ஏதும் வாங்கிக் கொடுத்ததில்லை. இதுவும் புரியவில்லை. இருந்தாலும் போய்க் குடித்தேன்.

திரும்பி ஏறியபோது அறையே வேறாக இருந்தது. பிரித்த கேமரா ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. கடைக்காரர் தன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பாவுக்கு நேரெதிரே, முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் என்று நினைத்தேன்.

மேசைமேல் மூன்று கேமராக்கள் இருந்தன. கடைக்காரர் இரண்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். இரண்டும் புதியவை. ஒன்று, நான் பெயர் வைத்ததைப் போன்ற அதே வெள்ளி நிறம்.

"இது ரெண்டும் உங்களுக்கு வேண்டாமுங்க. வித்தா எனக்கு லாபந்தான். ஆனா இதுல மைக் மாட்ட வழி இல்ல. தூரத்துல இருந்து எடுத்தா காத்துச் சத்தந்தான் வரும். இது பழசு. நானே வெச்சு ஓட்டுனது. ஆனா இதுல மைக் மாட்டலாம். புதுசுன்னா பழகவே பத்து நாள் ஆகும். உங்களுக்குத்தான் நாள் இல்லையே."

எதற்கு நாள் இல்லை? மாரியம்மன் பண்டிகைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு பொட்டு அளவு மைக்கை என் கவுனின் கழுத்துப் பட்டையில் மாட்டினார். அப்பாவின் காதில் ஒரு ஹெட்போனை வைத்தார். "பாப்பா, உங்கம்மாகிட்டப் பேசற மாதிரி ஏதாச்சும் பேசு."

"அம்மா, பசிக்குது" என்றேன்.

அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, "கரும்புச்சாறு குடிச்சுட்டேன், இருந்தாலும் பசிக்குது" என்று திருத்திச் சொன்னேன். அப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். "இது போதுமுங்க" என்றார். முகர்ந்து பார்க்கவில்லை. எடைபோடவில்லை. குறை ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் சிவப்புப் பொத்தானை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் எல்லாம் கறுப்பு டேப் ஒட்டினார். "தறியை நிறுத்திருங்க. ஃபேன், டிவி, மிக்ஸி எதுவும் ஓடக்கூடாது. படம் கோணலா வந்தாப் பரவாயில்லீங்க, குரலை விட்டுராதீங்க. இன்னொண்ணு, அவங்களைப் பேசச் சொல்லாதீங்க. பேசச் சொன்னா யாரும் அவங்க குரல்ல பேசமாட்டாங்க."

பஸ்ஸில் அந்தப் பெட்டி அப்பாவின் மடியில் இருந்தது. அதன் ஒரு மூலையில் கீறல் இருந்தது. என் அப்பாவை, எடப்பாடியையே நடுங்கவைத்த அப்பாவை, ஒருத்தர் பட்டப்பகலில் ஏமாற்றிப் பழைய கேமராவைத் தலையில் கட்டிவிட்டார். அதுவும் என் கண்முன்னால். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா கேமராவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "போவட்டும் விடு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா தறிகளை நிறுத்தினார். கரண்ட் போனால் தவிர அந்தத் தறிகள் பகலில் நின்றதே இல்லை. தறி ஓட்டும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து வந்து, "எங்களுக்குக் கரண்ட் இருக்குது, உங்களுக்கு மட்டும் போயிருச்சா?" என்று கேட்டார்கள். வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. காதுக்குள் ஏதோ அடைத்ததுபோல இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வழக்கம்போல, "ஏனுங்க, சாப்பிட வாங்க!" என்றாள். சுவர்கள் அதிர்ந்தன. தன் குரலைத் தானே கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பிடியா நான் கத்தறேன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கேமராவைக் கண்டதும் அம்மா அம்மாவாக இல்லை. மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தியதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல, "எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க நல்லா இருக்கோம். நீங்களும் நல்லா இருக்கோணும்" என்றாள்.

"எப்பவும்போலப் பேசு" என்றார் அப்பா.

"எப்பவும்போலன்னா எப்பிடிங்க?"

அம்மா எழுந்து வேலையைப் பார்க்கப் போனால் மைக்கின் ஒயர் இழுத்தது. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டிபோல அப்பா கேமராவோடு அவள் பின்னால் நடந்தார். அவள் பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படியே நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் அப்பா என்னைத் தறிக்கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் குனிந்து, காதருகே சொன்னார்: "சாமி, அம்மாகிட்டத் திட்டு வாங்கறயா?"

"எதுக்குங்கப்பா?"

"சும்மாதான். சத்தமாத் திட்டோணும். நான் பாத்துக்கறேன், அடி உளுவாது."

குறும்பு செய்யாதே என்று சொல்லி வளர்த்த அப்பா, குறும்பு செய் என்று கெஞ்சினார். முதலில் காயவைத்திருந்த மிளகாய்மேல் செருப்போடு நடந்தேன். அம்மா, "அடியே!" என்றதோடு நிறுத்திவிட்டாள். அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து போதாது என்று கண்ணைக் காட்டினார். அதனால் எங்கள் வீட்டில் ஆகப்பெரிய குற்றத்தைச் செய்தேன். வாரத்துக்கு ஒருநாள் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், குடிப்பதற்கென்று குடத்தில் பிடித்து வைத்தது. அதைக் காலால் உருட்டிவிட்டேன்.

அம்மா பாய்ந்து வந்தாள். கை ஓங்கினாள். பிறகு நனைந்த தரையையும் என்னையும் பார்த்து, "நீ இப்பிடிப் பண்ற புள்ள இல்லையே. எதுக்குடி பண்ணுனே?" என்றாள்.

அடிக்குப் பயந்து உண்மையைச் சொன்னேன். "அப்பாதான் உங்ககிட்டத் திட்டு வாங்கச் சொன்னாரு. சத்தமா வாங்கச் சொன்னாரு."

அம்மாவின் ஓங்கிய கை இறங்கியது. அவள் கேமராவுக்குப் பின்னால் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டர் உங்ககிட்டயும் சொல்லீட்டாருங்களா?" என்றாள்.

அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்தே தலையை ஆட்டினார்.

"நீங்க தாங்கமாட்டீங்கன்னு நான் சொல்லாம இருந்தேன்" என்றாள் அம்மா. தலைப்பில் சாய்ந்திருந்த மைக்கை நிமிர்த்திக் குத்திக்கொண்டாள். "இது ஓடுதுங்களா?"

"ஓடுது."

"சரி."

அதன்பிறகு நான் வாங்கிய திட்டைப்போல அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் வாங்கியிருக்காது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து தொடங்கினாள். ராத்திரியெல்லாம் அழுது ஊரை எழுப்பியது, மண்ணைத் தின்றது, பாலைத் துப்பியது, வாத்தியார் வீட்டு மாங்காய், தொலைத்த கொலுசு. எனக்கே மறந்துபோன குற்றங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. "உங்கப்பன் இருக்காரே..." என்று அப்பா பக்கம் திரும்பி, முகூர்த்தச் சேலையை வெயிலில் பிடித்துப் பார்த்த மாப்பிள்ளையை உலகத்தில் எவளாவது கட்டியிருக்கிறாளா என்று அவரையும் ஒரு பாட்டம் திட்டினாள். குரல் ஏறிக்கொண்டே போனது. திட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் எதை நம்புவது என்று தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதேன். கடைசியில், நான் ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்க, மதியம் மூன்று மணிக்கு, வாசலைப் பார்த்து, "ஏ சாமீ... ஊட்டுக்கு வாடீ..." என்று கூப்பிட்டாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பொழுது சாய்ந்துவிட்டதாக நினைத்து ஓடினார்கள். கேசட் தீர்ந்து கேமரா 'டக்' என்று நின்றது.

அடுத்த வாரம் அவர்கள் மறுபடி கோயமுத்தூர் போனார்கள். சித்தி வந்து என்னோடு இருந்தாள். ஒரு மாதம் கழித்து அம்மா மெலிந்து, கழுத்தில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி ஓடத் தொடங்கியிருந்த தறிகளின் இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்து, ஓடிப்போய்க் காதை அவள் வாயோடு வைத்தேன். அப்போதும் எதுவும் இல்லை.

"புண்ணு ஆறட்டும், சீக்கிரம் பேசீருவா" என்றாள் சித்தி. பார்க்க வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அவ்வளவு கத்தவைத்து அம்மாவின் குரலைத் தீர்த்தது நான்தான். ஒரு வருஷத்துக்கு வேண்டிய குரலை ஒரே மத்தியானத்தில் செலவழிக்க வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தேன். சொல்லாமலே குடம் எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்தேன். பொறுமையாக இருந்தால் குரல் மறுபடி ஊறிவிடும் என்று நம்பினேன்.

கேசட்டை டிவிடியாக மாற்ற அப்பா சேலம் போனபோது நானும் போனேன். கடைக்காரர் அதைச் சின்ன டிவியில் ஓடவிட்டார். படம் கோணல். பாதி நேரம் அம்மாவின் தோளும் சுவரும்தான் தெரிந்தன. ஆனால் குரல் அறையை நிறைத்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்பா சட்டென்று படியிறங்கிப் போய்விட்டார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏன் பாப்பா அழுவறே?"

அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். "என்னாலதான் அம்மா குரல் தீந்துபோச்சு."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இல்ல பாப்பா. உங்கம்மா தொண்டைக்குள்ள கெட்ட கட்டி இருந்துச்சு. அதை எடுக்கறப்ப, குரல் வர்ற இடத்தையும் சேத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. அது உனக்கும் எனக்கும் முன்னாலயே டாக்டருக்குத் தெரியும். அதனாலதான் உங்கப்பா கேமரா வாங்க வந்தாரு. நீ ஒண்ணும் பண்ணல."

"எப்பத் திரும்ப வரும்?"

"வராது சாமி" என்றார். "இப்பிடியே உங்கம்மா நல்லா இருப்பாங்க. ஆனா அந்தக் குரல் இனி இதுலதான் இருக்கு."

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து, இன்றும் கை தட்டி என்னைக் கூப்பிடும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது, அன்று எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே பெரிய மனிதர் அவர்தான் என்று தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. சித்தி, மாமா, பக்கத்து வீட்டார், எல்லோரும் அம்மா பேசுவாள் என்றார்கள். இவர் ஒருத்தர்தான் பேசமாட்டாள் என்கிறார். அத்தனை பேர் சேர்ந்தா பொய் சொல்வார்கள்?

பஸ்ஸில் அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னேன்: "இனிமே அந்தக் கடைக்குப் போவ வேண்டாமுங்கப்பா. அவரு பொய் சொல்றாரு."

அவர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சரி சாமி" என்றார். அப்பா என் பேச்சைக் கேட்டுக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.